டைனோ கிராஃபில் லீன் கோடு: மேப்பைத் தொடுவதற்கு முன்

காரை உருளைகள் மேல் ஓட்டி எஞ்சின் சக்தியை அளக்கும் மெஷின்தான் டைனோ. அதன் ஷீட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் பீக் ஹார்ஸ்பவர் எண்ணுக்குத்தான் போகும். மிக்ஸ்சரில், அதாவது காற்று-பெட்ரோல் கலவையில், கோளாறு தேடுகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. பார்க்க வேண்டியது கீழே தனியாக ஓடும் ஏர்-ஃப்யூவல் கோட்டை. அது எந்த ஆர்பிஎம்மில் வளைகிறது, அதே இடத்தில் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) கோடு என்ன செய்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்தப் பார்ட்டைச் சோதிப்பது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இங்கே சொல்வது, சிலிண்டருக்கு வெளியே இன்டேக் குழாயில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன் உள்ள நாலு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கு. டீசலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முதலில் அளவுகோல். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அதுதான் லாம்டா 1. எண் குறையக் குறைய ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்; கூடக் கூட லீன், பெட்ரோல் குறைவு. 10 சதவீதம் எத்தனால் கலந்த ஈ10 பெட்ரோலுக்கு அந்தக் காற்று சுமார் 14.1 கிலோ, 20 சதவீதம் கலந்த ஈ20-க்கு சுமார் 13.5. புகைக்குழாயில் மாட்டும் வைட்பேண்ட் சென்சார் அளப்பது லாம்டாவைத்தான். பெரும்பாலான கேஜ்கள் அதை 14.7-ஆல் பெருக்கித் திரையில் காட்டுகின்றன. டேங்கில் எந்தப் பெட்ரோல் இருக்கிறது என்பது கேஜுக்குத் தெரியாது. அதனால் ஷீட்டை லாம்டாவில் அச்சடித்துக் கேளுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில் டர்போ இல்லாத எஞ்சின் 0.85 முதல் 0.89 வரையிலும், டர்போ எஞ்சின் 0.78 முதல் 0.82 வரையிலும் இருந்தால் கவலை இல்லை. கம்பெனி டியூனில் இருக்கும் டர்போ கார்கள் மேல் ஆர்பிஎம்மில் இன்னும் ரிச்சாகப் போவதும் உண்டு. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துபோகாமல் இருக்க எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ வேண்டுமென்றே ஊற்றும் பெட்ரோல் அது.

அடுத்து, அந்தக் கோட்டை நம்பலாமா என்று பாருங்கள். பல இடங்களில் சைலன்சர் முனையில் ஒரு குழாயைச் செருகித்தான் அளக்கிறார்கள். அங்கே வாயு வந்து சேர நேரமாகும். 2000-லிருந்து 6000 ஆர்பிஎம் வரை ஏற 10 விநாடி எடுக்கும் ரன்னில், அரை விநாடித் தாமதம் என்றால் கோடு 200 ஆர்பிஎம் தள்ளி விழும். கீழ் ஆர்பிஎம்மில் வெளிக்காற்றும் உள்ளே வந்து லீனாகக் காட்டும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலோ ஜாயின்ட்டிலோ லீக் இருந்தாலும் இதே ஏமாற்றுதான்: 2000-3000-ல் லீன், மேலே போகப் போக சரியாகிவிடும். எஞ்சினே லீனாக ஓடினால் அப்படித் தானாகச் சரியாவது அபூர்வம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் சென்சார் போட இடம் வெல்டிங் செய்து அளப்பதே நல்லது. கோட்டின் சின்ன ஏற்ற இறக்கங்களை வழித்துவிடும் ஸ்மூத்திங்கையும் குறைத்து அச்சடிக்கச் சொல்லுங்கள். அழகான வழவழப்புக் கோட்டில் மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது) மறைந்துவிடும்.

இனி அடிக்கடி வரும் கேஸ். 4500 வரை லாம்டா 0.87, அதற்கு மேல் மெல்ல ஏறி 6000-ல் 0.97, டார்க்கும் அதே இடத்திலிருந்து சரிகிறது. இதைப் பார்த்ததும் லேப்டாப்பைத் திறந்து, ஈசியூவின் மேப்பில் (எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோலைக் கூட்டுகிறார்கள். அதற்கு முன்னால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ஃப்யூவல் ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டி, டயலை விண்ட்ஷீல்டில் டேப் ஒட்டி ஒரு ரன் எடுங்கள். இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோல் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3.0 பார் 2.4-க்கு விழுந்தால் பெட்ரோல் சுமார் 10.5 சதவீதம் குறையும், 0.87 இருந்த லாம்டா 0.97 ஆகும். ஷீட்டில் இருக்கும் எண் அப்படியே வந்துவிட்டதல்லவா? பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏற பெட்ரோல் பிரஷரையும் ஏற்றும் ரெகுலேட்டர் உள்ள டர்போ காரில் 0.8 பார் பூஸ்ட்டில் கேஜ் 3.8 காட்ட வேண்டும், 3.0-லேயே நின்றால் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் வாக்கும் (vacuum) ஹோஸைப் பாருங்கள்.

பிரஷர் விழுகிறது என்றால் உடனே பம்பை மாற்றிவிடாதீர்கள். ரன் நடக்கும்போது பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் அளக்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட், பம்பில் 12 என்றால் ரிலே, எர்த், ஒயரிங் இவற்றில்தான் கோளாறு. புதுப் பம்ப் போட்டாலும் அதே கோடுதான் வரும். வோல்டேஜ் சரி என்றால் ஃபில்டர், டேங்குக்குள் இருக்கும் வலை, கடைசியில்தான் பம்ப்.

பிரஷர் அசையவில்லை, ஆனாலும் மேலே லீன். அப்போது ஈசியூவிலிருந்து எடுத்த பதிவான லாகில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். மில்லிசெகண்டை ஆர்பிஎம்மால் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் டியூட்டி சதவீதம், அதாவது மொத்த நேரத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்கு, கிடைக்கும். 6000-ல் 17 மில்லிசெகண்ட் என்றால் 85 சதவீதம். இன்ஜெக்டர் எல்லைக்கு வந்துவிட்டது, பெரியது வேண்டும். அதே இடத்தில் 60 சதவீதம்தான் என்றால் கேட்கும்போதே ஈசியூ குறைவாகக் கேட்கிறது. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் முதல் சந்தேகம் அதன் மேல்தான். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகிவிட்டால் சென்சார் கம்பியில் படிந்து காற்றைக் குறைத்துக் காட்டும். காற்று கூடக் கூட பிழையும் கூடும். ஏர்ஃப்ளோ சென்சார் கிளீனர் அடித்து, காய விட்டு, மறுபடி ரன் எடுங்கள்.

வாக்கும் லீக்கை, அதாவது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அளக்காத காற்று நுழையும் ஓட்டையை, டைனோ ரன்னில் தேடுவது வீண் வேலை. ஆக்ஸிலரேட்டர் முழுக்கத் திறந்தால் மேனிஃபோல்டில் உறிஞ்சலே இருக்காது, லீக்கும் தெரியாது. அது ஐடிலில் ஃப்யூவல் ட்ரிம்மாக (ஈசியூ தானே செய்யும் பெட்ரோல் திருத்தம்) தெரியும்: ஐடிலில் கூட்டல் 15 சதவீதம், 2500-ல் கூட்டல் 3 என்றால் லீக். டர்போ காரில் கதை வேறு. ஏர்ஃப்ளோ சென்சார் அளந்த காற்று இன்டர்கூலர் ஹோஸில் வெளியேறினால், வராத காற்றுக்கும் ஈசியூ பெட்ரோல் ஊற்றும். பூஸ்ட் குறைவு, லாம்டா ரிச், பின்னால் கரும்புகை. மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சார் வைத்து ஓடும் காரில் அதே லீக் பூஸ்ட்டை மட்டும் குறைக்கும், மிக்ஸ்சரை அவ்வளவாகக் கெடுக்காது.

ஆளைக் கவிழ்ப்பது மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டரில் பொறி விழாவிட்டால் பெட்ரோலோடு ஆக்ஸிஜனும் எரியாமல் வெளியே வரும். சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனைத்தான், அதனால் 'லீன்' என்று சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும். இந்தக் கேஸில் லாம்டா கோடு சீராக ஏறாது, பல்பல்லாகத் துள்ளும். டார்க் கோடும் கூடவே துள்ளும். பிளக் இடைவெளி (கேப்), காயில் இரண்டையும் முடித்துவிட்டுத்தான் மிக்ஸ்சர் பேச வேண்டும்.

இதைவிட ஆபத்தானது சத்தமே போடாத ஒன்று: ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைப்பு. மூன்று சிலிண்டர் 0.86, நாலாவது 1.0 என்று வையுங்கள். எல்லாம் கலந்து சென்சாருக்கு வரும்போது 0.89 தான் காட்டும். ஷீட்டைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நாலாவது சிலிண்டர் மட்டும் முழு லோடில் சூடேறி நாக் ஆகும் (கலவை தானாகவே வெடிக்கும்), டர்போ என்றால் பிஸ்டனே உருகலாம். ரன் முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் விடாமல் உடனே நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் ஃப்ளோ டெஸ்ட் எடுக்க வேண்டும்.

லாம்டா கோடு நேராக இருக்கிறது, டார்க் மட்டும் குழிவிழுகிறது என்றால் அது பெரும்பாலும் மிக்ஸ்சர் வேலை இல்லை. லாகில் இக்னிஷன் டைமிங் பின்வாங்குகிறதா பாருங்கள். மூன்றாவது ரன்னில் மட்டும் விழுந்தால் உள்ளே போகும் காற்று சூடாகிவிட்டது. ஃபேனை நகர்த்தி, ஆறவிட்டு எடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகும் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே அளவு லீன் என்றால் அப்போதுதான் மேப். இப்போது இந்தியாவில் பங்க்குகளில் கிடைப்பது ஈ20 என்பதால் இந்த வடிவம் அடிக்கடி வரும். ஈ10-க்கு ரீமேப் செய்த காரில், ட்ரிம் திருத்தம் முழு ஆக்ஸிலரேட்டருக்குப் போய்ச் சேராத ஈசியூ என்றால், 0.87 இருந்தது 0.91 பக்கம் போகும். அளந்த லாம்டாவை வேண்டிய லாம்டாவால் வகுத்தால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று வரும்: 0.91-ஐ 0.87-ஆல் வகுத்தால் 1.046, அதாவது நாலரை சதவீதம். முதல் தடவையே முழுதையும் ஏற்றாமல் பாதியைக் கூட்டி, அதே கியரில், அதே கூலன்ட் சூட்டில் இன்னொரு ரன் எடுத்துவிட்டு மீதியைக் கூட்டுங்கள்.