சோடாச் சூளைக்கு முத்திரைக் கிண்ணங்கள்

ஏற்காட்டில் நான் வனையும் கிண்ணங்கள், அழுத்தினால் விரிசல் விடாத அளவுக்கு மட்டும் ஈரம் வற்றிய பதத்தில்தான் மர அச்சை ஏற்கின்றன. உள்ளே ஒரு கை தாங்காவிட்டால் சுவர் நசுங்கிவிடும். வெளிப்புறத்தில் கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு, பூசுவதில்லை. சூளை ஏறத்தாழ 1,250 டிகிரி செல்சியஸை எட்டியபின், வெந்நீரில் கரைத்துத் தெளிக்கப்படும் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், ஆவியாகி, மண்ணிலுள்ள சிலிக்காவுடனும் அலுமினாவுடனும் வினைபுரிந்து கண்ணாடிப் படலமாகிறது. அது பள்ளங்களில் திரள்வதால் அகன்ற, ஆழமான கோடுகளே எடுபடும். நுணுக்கமான பூவேலை, என்னைக் கேட்டால், வீண் உழைப்பு.

ஆவி சரிவர எட்டாத உட்புறத்துக்கு மட்டும் கிளேஸை ஊற்றி, சுழற்றி, கவிழ்த்துவிடுகிறேன். சேலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த மாக்னசைட் என்ற கனிமத்திலுள்ள மக்னீசியம், கிளேஸில் கணிசமாகச் சேர்ந்தால் பளபளப்பைக் குறைத்து வழுவழுப்பைத் தரும். அடிப்பாகம் சூளைத் தட்டோடு ஒட்டாதிருக்க, அலுமினாவும் வெண்களிமண்ணும் பிசைந்த சிறு உருண்டைகளின்மேல் கிண்ணங்களை அடுக்குகிறேன்.