வலைக்குப் பில் எங்கே?

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பெருமைப்படாத ஆள் எங்கள் பக்கம் குறைவு. அசல் ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி நிர்வாகத்துக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வேலை பார்க்கிறவர்கள் 1959லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். இங்கே பதினோரு வருஷமாக அதே வேலையைப் பார்க்கும் எனக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் 'அலுவலக உதவியாளர்'. அம்மா தெருவில் சொல்வது: "பிள்ளை காலேஜ்ல கணக்கு எழுதுதா."

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்து, ஒரு புராஜெக்டில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். புராஜெக்ட் முடிந்தது, அதன் கணக்கு முடியவில்லை. அதை முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அப்புறம் அடுத்ததன் கணக்கு. அப்படியே உட்கார்ந்தாயிற்று.

மூன்றாம் வருஷமோ என்னவோ, ஆற்று மீன்கள் பற்றி ஒரு புராஜெக்ட். களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் மாதிரி எடுக்கச் சென்னை வரை எழுதி வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அது கைக்கு வருவதற்குள் ஐப்பசி மழை போய்விடும், பேராசிரியருக்கோ மழைக்காலத்து மீன்தான் வேண்டும். அதைக்கூடச் சமாளித்தோம். வீச்சுவலையில்தான் மாட்டிக்கொண்டோம். அரசுப் பணத்தில் பொருள் வாங்குவதற்கான ஜெம் இணையதளத்தில் தேடினால் கொசுவலை வருகிறது. கடைசியில் ஆற்றங்கரையில் ஒரு பெரியவரிடம், அவர் கையால் பின்னிய வலையை 6,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார்கள்.

"ஏம்மா, வலைக்குப் பில் எங்க?" என்றார் கணக்குப் பிரிவு சூப்பிரண்டு.

பெரியவரிடம் போய் நின்றேன். "நான் பின்னுன வலைக்கு நானே என்னத்தப் பில்லு போட? மீனுக்கும் கேப்பியளோ?" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 154ஆம் விதி அப்போது 25,000 ரூபாய் வரை கொட்டேஷன் இல்லாமல், வாங்குபவரின் சான்றோடு வாங்க இடம் கொடுத்தது. பேராசிரியரிடம் சான்று எழுதி வாங்கினேன். தொகை 5,000க்கு மேல் என்பதால் கை வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, பெரியவரிடம் கையெழுத்து வாங்கினேன். சூப்பிரண்டு கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பைலைக் கட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

மற்றபடி வேலை இதுதான்: பணம் ஒதுக்கி வரும் சாங்ஷன் ஆர்டரைக் கடைசிப் பக்கம் வரை படிப்பது. ஆட்களுக்கு வந்த பணத்தில் கெமிக்கல் வாங்க முடியாது என்பதைப் பேராசிரியரிடம் சண்டையில்லாமல் சொல்வது. மார்ச் 31 முடிந்ததும், வந்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத் தயார் செய்வது. நாங்கள் யூசி என்போம். அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது.

ஒரு தடவை வரவில்லை. தப்பு என்னுடையது. மானியப் பணத்துக்கு வங்கி கொடுத்த வட்டி 4,312 ரூபாயை அரசுக்குத் திருப்பிக் கட்டாமல் யூசியை அனுப்பிவிட்டேன். அது திரும்பி வந்து, சரிசெய்து மறுபடி அனுப்பி, பணம் வர ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் ஆராய்ச்சி மாணவனுக்கு உதவித்தொகை இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பையன். திங்கள்தோறும் வந்து, "அக்கா, ஏதாச்சும் வந்துச்சா?" என்பான். மூன்றாவது மாதம் கேட்பதை விட்டுவிட்டு, சாயங்காலம் ட்யூஷன் எடுக்கப் போய்விட்டான். கேட்டுக்கொண்டிருந்தபோதே மேல் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குள் வேறொரு சிக்கல். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி மாணவர்களின் மாத உதவித்தொகை, 31,000இலிருந்து 37,000 என்று ஆணை வந்தது. புராஜெக்ட் பட்ஜெட்டோ பழைய தொகையில் போட்டது. பேராசிரியர் பையனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார், கூடுதல் பணத்துக்குக் கடிதம் எழுதும் பாடு எனக்கு.

ஒருவழியாக எல்லாம் வந்தது. பையன் அரியர் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, ரெண்டு மாச வீட்டு வாடகைப்படி விட்டுருக்கு."

கூட்டிப் பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது.

"பிஎச்.டி. முடிச்சிட்டு இந்த வேலைக்கு வரலாமாக்கா?" என்றான், சிரிக்காமல்.

"மொதல்ல தீசிஸ முடிலே" என்று சொல்லிவிட்டு, புதுப் பட்டியல் அடிக்க உட்கார்ந்தேன்.