டிபியில் செம்பருத்தி

ஆகஸ்ட் 7, வியாழன் – பாம்பன்

பௌர்ணமி நெருங்குது, நீர் வற்றிக் கிடக்கிறது. கடல்பாசி எடுக்கப் போன பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி மூட்டையோடு கரையேறினார்கள். நெற்றியில் முக்குளிக்கிற கண்ணாடி, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரல் விரலாகச் சுற்றிய துணி.

அவர்களில் ஒருத்தரான எங்கள் தெரு அக்காவை வெளியூர்க்காரர் ஒருத்தர் எடுத்த படம் வாட்ஸப்பில் சுற்றி அவர் போனுக்கே வந்துவிட்டது. ‘கடலின் மகள்’ என்று தலைப்பு. மூலையில் எடுத்தவர் பேர்.

“உங்க பேரப் போடலயேக்கா?”

“போடாததே நல்லது பாப்பா. மூஞ்சியப் போட்டுட்டானே, அதச் சொல்லு.”

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. தீவோரம் தெரிகிற முகத்துக்கு வனத்துறையிடமிருந்து என்ன கேள்வி வரும் என்று அக்காவுக்குத் தெரியும். லைக் போட்டவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

முகம் மறைத்த கலை என்றால் எல்லாரும் யாரென்றே காட்டிக்கொள்ளாத தெரு ஓவியர் பாங்ஸியைத்தான் சொல்வார்கள். 2018-ல் ஏலத்தில் விலைபோன கையோடு அவர் படம் சட்டத்துக்குள்ளிருந்து கிழிந்து இறங்கியது. 2021-ல் அதே படம் அதைவிடப் பல மடங்கு விலைக்குப் போனது. மறைத்த பேருக்குத்தான் அத்தனை காசும்! எனக்கு கெரில்லா கேர்ள்ஸ் என்கிற பெண் கலைஞர் குழுவைத்தான் பிடிக்கும். 1985-லிருந்து கொரில்லா முகமூடியோடு, கலைக்கூடங்களில் பெண்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2014-ல் அமாலியா உல்மன் என்ற கலைஞர் இன்ஸ்டாகிராமில் இல்லாத ஒரு வாழ்க்கையை மாதக்கணக்கில் நடித்தார், பார்த்தவர்கள் நம்பினார்கள். எங்கள் தெருவில் இதற்குப் பெரிய பேரெல்லாம் கிடையாது. அக்காவின் வாட்ஸப் டிபியில் முகத்துக்குப் பதில் செம்பருத்தி. கல்யாணமாகாத அவர் மகளின் டிபியில் யார் வீட்டுக் கைக்குழந்தையோ. பக்கத்து வீட்டில் வேளாங்கண்ணி மாதா.

அதையே வரையப் போகிறேன். உடம்பு அவர்களுடையது, முகத்துக்குப் பதில் டிபி.

ஆகஸ்ட் 12, செவ்வாய் – ராமநாதபுரம்

ராமலிங்க விலாசம், சேதுபதி ராஜாக்களின் அரண்மனை. சுவரோவியமெல்லாம் முத்து விஜய ரகுநாத சேதுபதி: போரில், சபையில், ராஜராஜேஸ்வரியிடம் செங்கோல் வாங்கும் கோலத்தில். முந்நூறு வருஷமாகப் போகிறது, ராஜாவை இன்னும் அடையாளம் தெரிகிறது. வரைந்தவர் பேரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவராக மறைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்க ஆள் இருந்திருக்காது. மறைத்துக்கொள்ள முதலில் ஒரு பேர் இருக்க வேண்டுமே. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல் படத்தைக் காட்டினேன். தலை இருக்கிற இடத்தில் செம்பருத்தி. அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்தச் செவப்புத் துணிய எடுத்துரு. மூஞ்சி எதுக்கு, வெரல்ல இருக்கத வச்சே நான்தான்னு சொல்லிருவாளுக.”

துணியை நீலமாக்கினேன். படம் கொஞ்சம் செத்துத்தான் போனது.

“உன் பேரையும் போடாத.”

“ஏங்க்கா?”

“நீ பாம்பன்காரின்னு தெரிஞ்சா, நாங்க யாருன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?”

எனக்கு என் பேர் வேண்டும். மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

“அப்பச் சட்டையையும் மாத்தி வரை. அந்தக் கட்டம் போட்டது எங்க வீட்டுக்காரரோடது.”