கவலை இருந்தால் புண் ஆற ஏன் நாளாகிறது?

குறுவை அறுப்பில் விரலில் பட்ட கருக்கரிவாள் வெட்டு, சம்பா நடவில் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண். டெல்டாவில் இரண்டையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆறவில்லை என்றால் மட்டும் "சுகர் பாத்தியா?" என்பார்கள். சரியான கேள்விதான். "ராத்திரி தூங்குறியா?" என்று கேட்க ஆளில்லை.

கவலை மூளையிலிருந்து விரலுக்கு இறங்கும் வழி இது: மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அது விடும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைக் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கும். வெட்டுப்பட்ட முதல் சில நாட்களில் வெள்ளணுக்கள் அங்கே கூடிக் கிருமியைத் தின்று, செத்த திசுவை அகற்ற வேண்டும். அவற்றைக் கூப்பிடும் புரதங்களைக் கார்ட்டிசால் அடக்கிவிடுகிறது. ஆள் வராமல் நடவு தள்ளிப்போவது போலத்தான். போதாததற்குக் கல்லீரலிலிருந்து சர்க்கரையையும் அதுவே இறக்கிவிடும். ஆகவே சுகரும் கவலையும் தனித்தனிக் கணக்கு இல்லை.

1995இல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு இதை அளந்து பார்த்தது. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரித்த 13 பெண்கள், அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் தோலில் 3.5 மி.மீ. காயம். பராமரித்தவர்களுக்கு ஆற 48.7 நாள், மற்றவர்களுக்கு 39.3.

எல்லாப் பதற்றமும் கெடுதல் இல்லை. பாம்பைக் கண்டு துள்ளும் அந்தச் சில நிமிடம் ரத்தத்தில் காவல் அணுக்களைக் கூட்டவே செய்யும். மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்த ஷெல்டன் கோஹனின் 1998 ஆய்வில், ஒரு மாதத்துக்கு மேல் இழுத்த பிரச்சினைதான் சளி பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டியது. கடன் தவணையும், மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வருமா என்ற காத்திருப்பும் இந்த இரண்டாம் வகை.

வெட்டை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள், காப்பித்தூள் வேண்டாம். டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் என்று பாருங்கள். சேற்றுப்புண்ணுக்குக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அவை கார்ட்டிசாலின் பங்காளிகள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், புண்ணுக்குக் காரணமான பூஞ்சை உள்ளே பரவும். வயலிலிருந்து ஏறியதும் இடுக்கை உலர்த்துவதுதான் பாதி மருந்து.

தூக்கம் 6 மணி நேரத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்காத புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். சுகர் உள்ளவருக்குக் காலில் புண் என்றால் இந்த இரண்டு வாரக் கணக்கு கிடையாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.