காசிமேட்டு ஐஸும் வெளுக்கும் விரலும்: ரேனாடுக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களா?

குளிர் பட்டதும் விரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, விரல் வெளுத்து மரத்துப்போவதுதான் ரேனாட். இந்தத் தொல்லையோடு ஓ.பி.யில் போய் உட்கார்ந்தால் முதல் சிக்கல், காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இருக்காது. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஐஸ் மீன் பிரிக்கையில் மெழுகு மாதிரி வெளுத்து மரத்த விரல், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வெயிலில் நிற்பதற்குள் பழையபடி ஆகிவிடும். ஆகவே வெளுக்கும்போதே போனில் படம் எடுங்கள். மாநிறக் கையில் புறங்கை ஏமாற்றும். விரலின் உள்பக்கமும் நகத்தடியும் தெரிய எடுக்க வேண்டும். எந்தக் கணு வரை வெளுத்தது, எத்தனை நிமிடம் நின்றது, பிறகு நீலமானதா சிவந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முப்பது வயதுக்குள் தொடங்கி, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வந்து, புண் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் தனி ரேனாட்தான், அதாவது பின்னால் வேறு நோய் இல்லாதது. முப்பதுக்கு மேல் தொடங்கினால், ஒரு கையில் மட்டும் வந்தால், விரல்நுனியில் புண், தோல் இறுக்கம், மூட்டுவலி இருந்தால் பின்னால் ஸ்க்லீரோடெர்மா (தோல் இறுகும் நோய்), லூபஸ் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள் இருக்கிறதா என்று தேடுவார்கள். ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது), ஏ.என்.ஏ. (உடலையே தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது) ரத்தப் பரிசோதனைகள் அதற்குத்தான். ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததும் கலங்க வேண்டாம், நோயே இல்லாதவர்களுக்கும் அந்த அளவு வருவதுண்டு. நகத்தின் அடித்தோலில் எண்ணெய்த் துளி விட்டு, லென்ஸ் வழியே நுண் ரத்தக்குழாய்களைப் பார்ப்பார்கள். அதற்குப் போகுமுன் மருதாணி, நெயில் பாலிஷ் கூடாது. மீன்முள் குத்திய விரலையும் முன்பே சொல்லிவிடுங்கள், காயம் பட்ட இடம் தப்பாகக் காட்டும்.

மருந்தென்றால் அநேகமாக ரத்தக்குழாயை விரிக்கும் நிஃபெடிபின், மெதுவாகக் கரையும் வகை. அதை உடைத்தோ மென்றோ விழுங்கக் கூடாது. மருந்து மொத்தமாக இறங்கி பி.பி. சட்டெனக் குறையும். தலைவலியும் கணுக்கால் வீக்கமும் வரலாம். ஒற்றைத் தலைவலிக்கு ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அது விரலை இன்னும் வெளுக்க வைக்கலாம். ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரையும் அப்படித்தான்.

ஐஸ் வேலைக்கு வெறும் ரப்பர் கையுறை போதாது, குளிர் நேராக உள்ளே இறங்கும். உள்ளே உலர்ந்த பருத்திக் கையுறை, மேலே தளர்வான ரப்பர். உள்ளுறை நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரத்துணி கைச்சூட்டை இழுத்துவிடும். மரத்த கையை அடுப்பில் காட்டாதீர்கள், சுடுவது தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சூட்டை முழங்கையால் பாருங்கள்.

பீடி, சிகரெட் பழக்கத்தோடு, நடந்தால் பாதம் இழுத்துப் பிடித்து, கால்விரல் கறுத்தால் அது புகையிலையால் கை, கால் ரத்தக்குழாய்கள் அடைபடும் பர்ஜர் நோயாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பாருங்கள். பீடியைக் குறைத்தால் அங்கே பயனில்லை, அறவே விட வேண்டும்.