இருபத்தைந்து அடி: ஒரு தடகள சீசனின் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்தில் 17 பேர். போன வாரம் பெயர் கொடுத்தவர்கள் 31 பேர். மாஸ்டர் தலைகளை எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, விசிலை ஊதினார். சீசன் ஆரம்பித்துவிட்டது.

முதல் மீட், அதாவது கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி, பிப்ரவரி 21. கையில் ஆறரை வாரம் இருக்கிறது. கேப்டன் ஆக்கிவிட்டார்கள் என்பதால் நானே எனக்குப் போட்டுக்கொண்ட வேலை இந்த நாட்குறிப்பு. எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்கலாம்.

போன வருடம் மூன்றாம் இடம். எங்களுக்கு 43 புள்ளி, இரண்டாவது வந்த அணிக்கு 47. எங்கள் மீட்டில் முதல் நான்கு இடங்களுக்கு 5, 3, 2, 1 என்று புள்ளி; ரிலேவுக்கு அப்படியே இரட்டிப்பு. நால்வர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் 4x100 ரிலேவில் இரண்டாவதாக வந்தோம். தவறு என்று நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கினார். ஆறு புள்ளி போயிற்று. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 9, வியாழன்

முதலாமாண்டுப் பையன்கள் கொண்டுவந்த சான்றிதழ்களைப் பார்த்தால் நாங்கள்தான் சாம்பியன். ஒருவன் குண்டு எறிதலில் 14 மீட்டர் சொச்சம். இன்னொருவன் நூறு மீட்டரில் 10.8. எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. குண்டுக்காரனை வட்டத்துக்குள் நிற்கவைத்து 7.26 கிலோ குண்டைக் கையில் கொடுத்தார். பள்ளியில் அவன் எறிந்தது 5 கிலோ. இதை வாங்கியதும் மணிக்கட்டு பின்னால் மடங்கியது எனக்கே தெரிந்தது. மூன்று எறியில் நல்லது 10.80. பையன் குண்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி குண்டைப் பார்த்தான்.

அடுத்து 10.8. கையால் ஸ்டாப் வாட்ச் அமுக்கி எடுத்த டைமிங். ஓட்டத்தைத் தொடங்க இரண்டு பலகையைச் சேர்த்து அடிப்பதுதான் கிளாப்பர். "கிளாப்பர் சத்தம் கேட்டு அமுக்கினார்களா, பலகை சேர்வதைப் பார்த்து அமுக்கினார்களா?" என்று மாஸ்டர் கேட்டார். அவனுக்கு எப்படித் தெரியும், அவன் ஓடிக்கொண்டிருந்தான். சத்தம் நூறு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.3 வினாடி ஆகும். முடிவுக்கோட்டில் நிற்பவர் சத்தத்தை நம்பி அமுக்கினால் அந்த 0.3 ஓடுபவனுக்கு இலவசம். பலகையைப் பார்த்துச் சரியாக அமுக்கினாலும், எலக்ட்ரானிக் டைமிங்கோடு ஒப்பிட 0.24 கூட்டுவதுதான் வழக்கம். இன்று அவனை ஓடவிட்டு, பார்த்து அமுக்கினோம்: 11.2. நல்ல டைமிங்தான். 10.8 இல்லை, அவ்வளவே.

ஜனவரி 15, புதன்

ஹர்டில்ஸ் பையனிடம் எனக்கு நம்பிக்கை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவன் ஓடிவந்தது 20 வயதுக்கு உட்பட்டோருக்கான தடை, 99.1 செ.மீ. இங்கே 106.7. முதல் தடைக்கு 13.72 மீட்டர், இடையில் 9.14 மீட்டர், மொத்தம் பத்துத் தடை. அதிலெல்லாம் ஒரு மாற்றமும் இல்லை. உயரம் மட்டும் 7.6 செ.மீ. கூடியிருக்கிறது. நான்கு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லாமே கெடுகிறது. மேலே ஏறித் தாண்டுவதால் காற்றில் அதிக நேரம் நிற்கிறான், இறங்கும்போது வேகம் போய்விடுகிறது, ஐந்தாவது தடைக்கு வரும்போது, இரண்டு தடைக்கு இடையில் வைக்க வேண்டிய மூன்று எட்டு போதவில்லை. நான்காவது எட்டு வைத்தால் தவறான கால் முன்னால் வருகிறது. இன்று ஆறாவது தடையை இடித்துத் தள்ளிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அடுத்த வருஷம் பாருங்கண்ணா" என்றான். அடுத்த வருடம் நான் இங்கே இருக்க மாட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 22, புதன்

புள்ளி எங்கே கிடைக்கும் என்று இப்போதுதான் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன். நூறு மீட்டரில் எல்லாக் கல்லூரியிலும் நான்கு பேர் நிற்பார்கள். தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள் சேஸில் போன வருடம் மொத்தமே ஐந்து பேர். ஒருவன் பாதியில் நின்றுவிட்டான். ஓடி முடித்தவர்கள் எல்லோருக்கும் புள்ளி.

எங்கள் 5000 மீட்டர் ஓட்டக்காரனைக் கேட்டேன். அமைதியான பையன், ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தைதான் பதில் வரும். இன்று ஒரு முழு வாக்கியம் வந்தது.

"அண்ணா, எனக்கு நீச்சல் தெரியாது."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீர்த்தடையில் ஆழமான இடமே அரை மீட்டர்தான், அதுவும் தடையை ஒட்டி. அங்கிருந்து சரிவாக ஏறி, 3.66 மீட்டரில் தரைமட்டத்துக்கு வந்துவிடும். எவ்வளவு தள்ளிக் குதிக்கிறானோ அவ்வளவு குறைவாக நனைவான். உண்மையில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு இல்லை. 28 தடை, அதுபோக 7 நீர்த்தடை, எல்லாமே கனமான மரக்கட்டை. ஹர்டில்ஸ் தடை மாதிரி இடித்தால் சாயாது. நாம்தான் சாய வேண்டும்.

எங்களிடம் நீர்த்தடை கிடையாது. நீளம் தாண்டும் மணல் குழிக்கு முன்னால் உடைந்த வகுப்பறை பெஞ்சு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஒரு கால் வைத்துத் தாவச் சொன்னோம். பெஞ்சில் யாரோ பிளேடால் செதுக்கிய இதயம் ஒன்று இருந்தது. சரியாக அதன் மேல் மிதித்தே பத்துத் தடவை தாவினான். பதினோராவது தடவை பெஞ்சு உடைந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

குண்டு 11.35. ஈட்டிக்காரனுக்கு முழங்கை வலி, ஒரு வாரம் ஓய்வு. 800 மீட்டர் ஓட்டக்காரனுக்கு இன்டர்னல் தேர்வு. மைதானத்தில் 13 பேர். மழை வேறு.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ரிலே. இத்தனை நாள் நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு இப்படி. எங்கள் நால்வரின் நூறு மீட்டர் டைமிங்கைக் கூட்டினால் 45.3. ரிலேவில் இதைவிடக் குறைவாக வர வேண்டும், ஏனென்றால் முதல் ஆள் தவிர மற்ற மூவரும் வேகமெடுத்த பிறகே பேட்டனை, அதாவது கைமாற்றிக் கொண்டு ஓடும் சிறு குழலை, வாங்குகிறார்கள். நன்றாகப் பழகிய அணி கூட்டுத்தொகையைவிட இரண்டு வினாடிக்கு மேல் குறைத்துவிடும். நாங்கள் ஓடியது 44.6. அதாவது பேட்டன் மாற்றுகிற மூன்று இடத்திலும் நின்று பேசிவிட்டு வந்திருக்கிறோம்.

சரி, போன வருடக் கதை. கடைசி ஆள் நான். பேட்டனோடு வருபவன் ஓடுதளத்தில் ஒட்டியிருக்கும் டேப்பைத் தாண்டும் கணத்தில் நான் கிளம்ப வேண்டும். அதுதான் செக் மார்க். பயிற்சியில் நூறு தடவை சரியாக வந்தது. மீட் அன்று டேப்பைத் தாண்டினான், கிளம்பினேன், கையை நீட்டினேன், பேட்டன் வரவில்லை. மூன்று எட்டு கழித்து வந்தது. பேட்டனை மாற்றி முடிக்க வேண்டிய பகுதியின் கோட்டுக்கு ஓரடி வெளியே. கால் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, பேட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. கொடி மேலே போனதை நான் பார்க்கவில்லை. இரண்டாவதாக முடித்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதுதான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

போன ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கும் இதேதான். முதல் மாற்றத்திலேயே கோட்டைத் தாண்டித் தகுதி இழந்தார்கள். தங்கம் கனடாவுக்கு, 37.50 வினாடி. அமெரிக்கர்களுக்கு இது புதிதும் இல்லை: 2008 பெய்ஜிங்கில் பேட்டன் கீழே விழுந்தது, 2016 ரியோவில் மூன்றாவதாக வந்தும் பேட்டன் மாற்றத்தில் தவறு என்று நீக்கினார்கள். அன்று ராத்திரி டிவியைப் பார்த்துக்கொண்டே எனக்கு மெல்லிய ஆறுதல் ஒன்று வந்தது. நல்ல புத்தி இல்லைதான், ஆனால் வந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

இதை எழுதும்போது கொஞ்சம் கோபமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

செக் மார்க்கை நாங்கள் காலடியால் அளப்போம். குதிகாலுக்கு முன்னால் கட்டைவிரல், கட்டைவிரலுக்கு முன்னால் குதிகால். எனக்கு 25 அடி. இன்று மூன்றாவது ஆள், அந்த 200 மீட்டர் பையன், எனக்காக அளந்து டேப் ஒட்டினான். ஓடிப் பார்த்தோம், அழகாக வந்தது. டேப் பிய்ந்துவிட்டது. இரண்டாவது தடவை நானே அளந்து ஒட்டினேன். பேட்டன் எட்டவில்லை, நான் முன்னால் ஓடிப்போய்விட்டேன். மறுபடி அவன் அளந்தான், வந்தது.

இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்தோம். அவன் ஷூ 7. என்னுடையது 10.

அளவு டேப்பை வைத்துப் பார்த்தோம். அவன் 25 அடி 7.02 மீட்டர், என் 25 அடி 7.65. அறுபது சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம்! பின்னால் போய்விட்ட கோட்டை அவன் சீக்கிரம் தாண்டிவிடுகிறான், நான் சீக்கிரம் கிளம்பிவிடுகிறேன்.

போன வருடம் பயிற்சியில் யார் அளந்தார்கள்? அவனேதான், அப்போது முதலாமாண்டு, சொன்ன வேலையெல்லாம் செய்வான். மீட் அன்று யார் அளந்தது? நான். பதற்றத்தில் யாரையும் நம்பாமல், நானே அளந்தேன். அதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண முடியாது. பதற்றத்தில் கண்ணும் தவறியிருக்கலாம். ஆனால் கோட்டுக்கு வெளியே போனது ஓரடி.

மாஸ்டரிடம் சொன்னேன். "ஒரு வருஷமா இதுக்காடா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தே?" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஓடும் வரிசையை மாஸ்டர் மாற்றிவிட்டார். நான் முதல் ஆள். வாங்க வேண்டியதில்லை, கொடுத்தால் போதும். நல்ல ஸ்டார்ட் எடுப்பவன் என்பதால் என்றார். முழுக்க நம்பவில்லை, ஆனாலும் சரி. இப்போது வேறு பயம். 2010-லிருந்து ஒரே ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது சத்தத்துக்கு முன்பே கிளம்புவது, போதும், ஆட்டம் காலி. நான் தவறினால் நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

10.8 பையன், இப்போது 11.2 பையன், நேர்ப்பாதையில் நீளமாக ஓடுபவன் என்பதால் இரண்டாவது. 7 நம்பர் ஷூக்காரன் மூன்றாவது. தனியாக ஓடினால் நால்வரில் கடைசி, ஆனால் வளைவில் அவன் உள்கோட்டை ஒட்டி ஓடுவதைப் பார்த்தால் காலில் ஆணி அடித்து வைத்த மாதிரி இருக்கும். கடைசி ஆள் எங்கள் நீளம் தாண்டுபவன். முதல் ஆளும் மூன்றாவது ஆளும் பேட்டனை வலது கையில், மற்ற இருவரும் இடது கையில். கை மாற்றும் வேலையே இல்லை.

எங்கள் ஓடுதளத்தில் பழைய கோடும் புதிய கோடும் இரண்டுமே இருக்கின்றன. முன்பு வேகமெடுக்க 10 மீட்டர் தனி, மாற்ற 20 மீட்டர். விதி மாறி இப்போது 4x100-இல் முழு 30 மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். பழைய மஞ்சள் கோட்டைப் பார்த்து இரண்டு பையன்கள் இன்னமும் பத்து மீட்டரை வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பை எடுத்து அதன் மேல் பெருக்கல் குறி போட்டேன்.

ஓய்வில் ஜப்பான் பற்றிப் பேசினோம். ரியோவில் வெள்ளி வாங்கிய அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை நூறு மீட்டரைப் பத்து வினாடிக்குள் ஓடியதில்லை. டைமிங் 37.60. பேட்டனைக் கீழிருந்து மேலாகக் கையில் திணிப்பார்கள். நாங்களும் இரண்டு தடவை முயன்றோம். இரண்டு தடவையும் கீழே போட்டோம். மேலிருந்து கொடுப்பதே எங்களுக்குப் போதும்.

பிப்ரவரி 14, வெள்ளி

43.6. கிளாப்பரைப் பார்த்து அமுக்கியதுதான். மாஸ்டர் இரண்டு ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தார், இரண்டையும் காட்டினார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பெயர்ப்பட்டியல் கொடுத்தாயிற்று. என் கணக்கு, எழுதிவைத்தால் அப்புறம் மறுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீளம் தாண்டுதலில் முதல் இடம், கால் பலகையைத் தாண்டாமல் இருந்தால். மும்முறைத் தாண்டுதலிலும் அவனே, இரண்டாவதோ மூன்றாவதோ. குண்டு 11.90 வரை வந்துவிட்டது, நாலாவது இடம் கிடைத்தாலே கொண்டாடுவேன். ஈட்டி, முழங்கை விட்ட வழி. 800-இலும் 1500-இலும் சேர்த்து ஆறு புள்ளி எதிர்பார்க்கிறேன். ஹர்டில்ஸில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன். அவன் நேற்று முதல் தடவையாகப் பத்துத் தடையையும் மூன்று எட்டில் தாண்டினான், ஆனாலும் பூஜ்யம் என்றே இருக்கட்டும், பொய்த்தால் சந்தோஷம். ஸ்டீபிள் சேஸில் மூன்று. இந்தப் பட்டியலிலேயே எனக்கு அதிகம் நம்பிக்கை இருப்பது அந்த மூன்றில்தான். இங்கே எழுதாத மற்றப் போட்டிகளையும் சேர்த்துக் கூட்டினால், ரிலே இல்லாமல், 41. போன வருடத்தைவிட இரண்டு குறைவு.

சென்ற முறை சாம்பியன் வந்தவர்களை இந்த வருடமும் பிடிக்க முடியாது, அதைப் பேசிப் பிரயோசனமில்லை. 4x400-இல் எங்களுக்கு நாலாவது ஆளே இல்லை, 800 பையனை இழுத்துத்தான் ஓட்டப் போகிறோம், அது ஒரு இரண்டு. ஆக 43. மீதி 4x100.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று ஓட்டம் இல்லை, உடம்பைத் தளர்த்த இரண்டு சுற்று, அவ்வளவுதான்.

மதியம் விடுதியில் நைலான் கயிறு வாங்கிவந்து மூன்று துண்டாக வெட்டினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று, மீட்டர் டேப் வைத்து அளந்தது. நுனி பிரியாமல் இருக்க மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கினான் 7 நம்பர் ஷூக்காரன். விரலையும் கொஞ்சம் உருக்கிக்கொண்டான். எது யாருடையது என்று தெரிய முடிச்சு: முதல் மாற்றத்துக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"முடிச்சுப் போடுறதுக்கு முன்னாடி அளந்தீங்களா, அப்புறம் அளந்தீங்களா?"

மூன்றையும் மறுபடி அளந்தோம்.