எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயர் வேண்டும்

கனடாவில் நடக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தரையில் சறுக்கி ஆடும் ஆட்டம்) போட்டிகளில் மதிப்பெண் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நடுவர்கள் திரையைத் தொட்டுப் போடும் எண்கள் எங்கள் கணினிக்கு வரும். சரிபார்த்து விரிவான தாளாக வெளியிடுவோம். சர்வதேசப் போட்டிகளின் தாள்களைப் படித்துப் படித்து ஒன்று உறுதியாகிவிட்டது: நடுவர் எந்த நாட்டுக்காரர் என்பது மதிப்பெண்ணில் தெரியத்தான் செய்கிறது.

பெரும்பாலும் அது அப்பட்டமான மோசடி இல்லை. தன் நாட்டு ஆட்டக்காரரின் ஒரு தாவலுக்கு மற்றவர்கள் இரண்டு போட்ட இடத்தில் மூன்று, ஆட்டத்தின் அமைப்புக்குக் கால் மதிப்பெண் கூடுதல், அவ்வளவுதான். ஒன்பது பேரில் மிக உயர்ந்த ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் கழித்துத்தான் சராசரி எடுக்கிறோம். ஆனால் இன்னொருவரும் அதே மூன்றைப் போட்டிருந்தால் ஒரு மூன்றுதான் கழியும், மற்றது சராசரிக்குள் போய்விடும். கேட்டால், "எனக்கு அப்படித்தான் பட்டது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பார்த்து வளர்ந்த பாணி கண்ணுக்குப் பிடித்துவிடுகிறது.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ரஷ்ய ஜோடியை முதலில் வைக்க, அது 5-4 என்ற கணக்கில் கனடிய ஜோடியை வென்றது. பிரெஞ்சு நடுவர், தன் நாட்டு ஸ்கேட்டிங் சங்கத் தலைவர் நெருக்கியதாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறுத்தார். இருவருக்கும் மூன்றாண்டுத் தடை, கனடியர்களுக்கும் தங்கம். எல்லோரும் பேசுவது இதைத்தான். ரஷ்ய நடுவர் ரஷ்யர்களையும், கனடிய நடுவர் கனடியர்களையும் முதலில் வைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை!

அதன் பிறகு வந்த மருந்து நோயைவிட மோசம். எந்த எண் யாருடையது என்பதை மறைத்தார்கள். சங்கங்களின் நெருக்கடியிலிருந்து நடுவர்களைக் காப்பதற்காம். பொருளாதார ஆய்வாளர் எரிக் ஜிட்ஸ்விட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சாய்வு குறையவில்லை, சற்றுக் கூடவே செய்திருந்தது. 2016-இல்தான் மறைப்பை நீக்கினார்கள். சரி, இப்போது பயிற்சியாளர்கள் தாளைப் பார்த்து, "மூன்றாவது நடுவர் யார், எந்த நாடு?" என்று கண்டுபிடித்துவிட முடிகிறது. அது பெரிய முன்னேற்றம்.

ஜிட்ஸ்விட்ஸே ஸ்கி ஜம்பிங்கையும் (பனிச்சரிவில் சறுக்கி வந்து தாவும் போட்டி) ஆராய்ந்தார். அங்கேயும் சொந்த நாட்டுப் பாசம் உண்டு. ஆனால் மற்ற நடுவர்கள் அதை எதிர்த்து ஈடுகட்டுகிறார்கள். ஸ்கேட்டிங்கிலோ அணி சேர்ந்துகொள்கிறார்கள். ஸ்கி ஜம்பிங்கில் நடுவர்களைத் தேர்ந்தெடுத்தது சர்வதேசச் சம்மேளனம், ஸ்கேட்டிங்கில் நாட்டுச் சங்கங்கள். அடுத்த வாய்ப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் முகம் நினைவுக்கு வராமல் இருக்குமா? நியமனத்தை நாட்டுச் சங்கங்களிடமிருந்து எடுக்காதவரை, எங்கள் கணினி எத்தனை எண்களைக் கழித்தாலும் போதாது.